இணையப் பக்கத்தில் ஆடியோ: வழிமறிக்காத ஸ்கிரிப்ட் அமைப்பது எப்படி?

கம்ப்யூட்டர் வாங்கிச் சில மாதங்கள் ஆனதும் பலருக்கும் வரும் ஆசை, சொந்தமாக ஓர் இணையப் பக்கம் அமைப்பது. எழுத்தும் படமும் வைப்பது சுலபம். பாட்டு, பேச்சு, வீடியோ என்று வரும்போதுதான் தடுமாற்றம் தொடங்குகிறது. இன்று ஒரு பிரவுசரில் நன்றாக ஓடுவது, நாளை இன்னொன்றில் ஓடுவதில்லை. ஆடியோ பைலை எப்படி வைத்தால் அது பல ஆண்டுகள் கழித்தும் ஒலிக்கும் என்பதை இந்த மாதம் பார்க்கலாம். நான் இதைத் தப்பாகச் செய்து கற்றுக் கொண்டவன். எனவே அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

2007ல் முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஆயாவை உட்கார வைத்து, கையடக்க எம்பி3 பிளேயரில் இருந்த மைக்கில் பன்னிரண்டு நிமிடம் பேச வைத்துப் பதிவு செய்தேன். மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்குச் சாமிகள் வருவது, தெருவெல்லாம் கேட்ட தறிச் சத்தம், 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சு ஆட்சி கைமாறியபோது வீட்டில் பெரியவர்கள் பேசிக் கொண்டது என்று ஆயா பாட்டுக்குப் பேசிக் கொண்டே போனார். பாரிஸ் பக்கம் குடியேறிவிட்ட அத்தை கேட்பதற்காக அதை ஒரு இணையப் பக்கத்தில் வைத்தேன். 2009ல் ஆயா தவறிவிட்டார். அதன் பிறகு அத்தை அடிக்கடி அந்தப் பக்கத்தைத் திறந்து கேட்பது வழக்கமானது.

2021 ஜனவரியில் அத்தையிடமிருந்து போன். "ஏன்டா தம்பி, ஆயா பேச்சு எங்க போச்சு? ஏதோ பிளாஷ் பிளேயர் போடுன்னு எழுதி இருக்கு. பேரன் தேடிப் பார்த்தான். அப்படி ஒண்ணு இப்ப இல்லையாமே?"

இல்லைதான். அடோப் நிறுவனம் 2017 ஜூலையில் முன்கூட்டியே அறிவித்தபடி, பிளாஷ் பிளேயருக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31 அன்று முடிந்தது. 2021 ஜனவரி 12 முதல் பிளாஷ் பைல்கள் ஓடாமல் தடுக்கப்பட்டன. மூன்றரை ஆண்டு அவகாசம் இருந்தும் நான் பக்கத்தைத் திருத்தவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், ஆயாவின் எம்பி3 பைல் சர்வரில் அப்படியே பத்திரமாக இருந்தது. அதை ஓட்டிக் காட்டும் பிளேயர் மட்டுமே பிளாஷில் செய்தது. பைலுக்கு நேராக ஒரு இணைப்பு வைத்திருந்தால் அத்தை அதைக் கிளிக் செய்து கேட்டிருப்பார். அந்த ஒரு வரியை நான் வைக்கவில்லை.

அந்தப் பெட்டியின் கதை

பிரவுசர்கள் தொடக்க காலத்தில் பாட்டையும் படத்தையும் தாமாக ஓட்டத் தெரியாதவை. அதற்கென்று பிளக்-இன் என்ற துணை புரோகிராம்களை நிறுவ வேண்டும். ரியல் பிளேயர், குயிக்டைம், பிளாஷ் எல்லாம் இந்த வகை. பக்கத்தில் ஒரு பெட்டிக்கு இடம் விட்டால், பிளக்-இன் அங்கே வந்து உட்கார்ந்து கொள்ளும்.

2006 ஏப்ரலில் இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு ஒரு அப்டேட் வந்தது. அதன் பிறகு இப்படிப்பட்ட பெட்டியை ஒரு முறை கிளிக் செய்து உயிர் கொடுத்தால்தான் அதற்குள் இருக்கும் பட்டன்கள் வேலை செய்யும். பிளே பட்டனை அழுத்தினால் முதல் முறை ஒன்றும் நடக்காது, இரண்டாம் முறைதான் ஓடும். அந்தக் காலத்தில் பிரவுசிங் சென்டருக்குப் போனவர்களுக்கு இது நினைவிருக்கும். மவுஸ் கெட்டுவிட்டது என்று நினைத்து மேஜையில் தட்டியவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

காரணம் ஒரு வழக்கு. பக்கத்துக்குள் இப்படி புரோகிராமைப் பதித்து ஓட்டும் முறைக்கு கலிபோர்னியா பல்கலைக்கழகம் 1998ல் பேட்டன்ட் பெற்றிருந்தது. அதன் உரிமம் ஈயோலாஸ் என்ற சிறு நிறுவனத்திடம் இருந்தது. ஈயோலாஸ் 1999ல் மைக்ரோசாப்ட் மீது வழக்குத் தொடுத்தது. 2003 ஆகஸ்டில் ஜூரி விதித்த தொகை சுமார் 52 கோடி டாலர். மேல்முறையீடுகள் நடந்து கொண்டிருக்கும்போதே, பேட்டன்ட்டில் மாட்டாமல் இருக்க மைக்ரோசாப்ட் பிரவுசரையே மாற்றியது. 2007ல் இரு தரப்பும் சமரசம் செய்து கொண்டன. 2008 ஏப்ரலில் அந்தக் கூடுதல் கிளிக் நீங்கியது. பின்னர் வேறு பல நிறுவனங்கள் மீது ஈயோலாஸ் தொடுத்த வழக்கில், வைய விரி வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ டெக்ஸாஸ் நீதிமன்றத்துக்கே வந்து சாட்சி சொன்னார். 2012 பிப்ரவரியில் ஜூரி அந்த பேட்டன்ட் உரிமைகள் செல்லாது என்றது.

இந்த இடைப்பட்ட காலத்தில் இணையப் பக்கம் அமைத்தவர்களுக்குக் கைகொடுத்தது ஒரு ஓட்டை. பெட்டியைப் பக்கத்தில் நேரடியாக எழுதாமல், தனி பைலில் இருக்கும் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் மூலம் கொண்டு வந்து வைத்தால் கூடுதல் கிளிக் கேட்காது. இதை எளிதாகச் செய்து கொடுத்தது ஜெஃப் ஸ்டியர்ன்ஸ் எழுதிய எஸ்டபிள்யூஎஃப்-ஆப்ஜெக்ட் என்ற இலவச ஸ்கிரிப்ட். நான் பயன்படுத்தியதும் அதுதான். அது மிக நல்ல ஸ்கிரிப்ட். பக்கத்தில் முதலில் சாதாரண எழுத்து ஏதாவது இருக்கும். பயனாளரின் கம்ப்யூட்டரில் பிளாஷ் இருக்கிறதா என்று ஸ்கிரிப்ட் பார்க்கும். இருந்தால் எழுத்தை நீக்கிவிட்டு பிளேயரை வைக்கும். இல்லையென்றால் எழுத்தைத் தொடாது. அந்த எழுத்து இருக்கும் இடத்தில் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். எம்பி3 பைலின் இணைப்பையும் வைக்கலாம். நானோ, "இதைக் கேட்க பிளாஷ் பிளேயரை நிறுவவும்" என்று எழுதி வைத்தேன். பதினான்கு ஆண்டு கழித்து அத்தை படித்தது அந்த வரியைத்தான்.

வழிமறிக்காத ஸ்கிரிப்ட் என்றால் என்ன?

ஸ்கிரிப்ட் இல்லாமலே பக்கம் தன் வேலையைச் செய்ய வேண்டும். ஸ்கிரிப்ட் ஓடினால் அதே வேலை இன்னும் வசதியாக நடக்க வேண்டும். இந்த முறைக்கு ஆங்கிலத்தில் அன்-அப்ட்ரூசிவ் ஜாவாஸ்கிரிப்ட் என்று பெயர். இங்கிலாந்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட் லாங்ரிட்ஜ் 2002ல் இதைப் பற்றி எழுதிய பிறகு இந்தப் பெயர் பரவியது. வீட்டு வாசலில் காலிங் பெல் வைப்பது போன்றதுதான். கரன்ட் போனாலும் வந்தவர் கதவைத் தட்டலாம். பெல் வைத்த கையோடு கதவையே சுவராக்கிவிட்டால் என்ன ஆகும்? என் 2007 பக்கம் அப்படித்தான் இருந்தது.

முதலில் கதவு

இப்போது செய்து பார்ப்போம். இதற்கு இன்டர்நெட் இணைப்புகூட வேண்டாம். விண்டோஸில் இருக்கும் நோட்பேட் போதும்.

முதலில் ஆடியோ. பதிவு செய்தது வேறு வடிவத்தில் இருந்தால் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் திறந்து எம்பி3 ஆக மாற்றிக் கொள்ளுங்கள். வெறும் பேச்சுக்கு மோனோ, 64 கேபிபிஎஸ் தாராளம். நிமிடத்துக்கு 480 கேபி ஆகும். பன்னிரண்டு நிமிடப் பேச்சு 6 எம்பிக்குள் அடங்கிவிடும். எம்பி3க்கான பேட்டன்ட் உரிமைகள் 2017ல் முடிந்துவிட்டன. இன்று வழக்கில் உள்ள எல்லாப் பிரவுசரும் இதை ஓட்டும். பைலுக்கு ஆங்கிலத்தில், எல்லாம் சிறிய எழுத்துக்களில், இடைவெளி இல்லாமல் பெயர் கொடுங்கள். ஆயா.எம்பி3 என்று வைத்துக் கொள்வோம்.

டெஸ்க்டாப்பில் ஒரு போல்டர் உருவாக்கி அதில் இந்த பைலைப் போடுங்கள். பின் நோட்பேடைத் திறந்து கீழே சொல்வதைத் தட்டச்சு செய்யுங்கள். கட்டளைச் சொற்கள் எல்லாம் ஆங்கிலத்தில், சிறிய எழுத்துக்களில். ஒவ்வொரு கட்டளையும் கோண அடைப்புக்குறிக்குள் வர வேண்டும். ஷிப்ட் விசையுடன் கமாவை அழுத்தினால் அடைப்பு திறக்கும், ஷிப்ட் விசையுடன் முற்றுப்புள்ளியை அழுத்தினால் மூடும்.

முதல் வரியில் அடைப்புக்குள் ஆச்சரியக்குறி, அதை ஒட்டி டாக்டைப், ஓர் இடைவெளி, பின் ஹெச்டிஎம்எல். இரண்டாம் வரியில் அடைப்புக்குள் மெட்டா, இடைவெளி, சார்செட், சமக்குறி, இரட்டை மேற்கோளுக்குள் யூடிஎஃப்-8. தமிழ் எழுத்துக்கள் கட்டம் கட்டமாகத் தெரியாமல் இருக்க இந்த வரி அவசியம். அதற்குக் கீழே பக்கத்தின் தலைப்பைத் தமிழிலேயே எழுதிக் கொள்ளலாம்.

அடுத்து ஆடியோவுக்கான வரி. அடைப்பைத் திறந்து ஆடியோ என்று எழுதுங்கள். இடைவெளி விட்டு கன்ட்ரோல்ஸ். இடைவெளி விட்டு பிரிலோட், சமக்குறி, மேற்கோளுக்குள் மெட்டாடேட்டா. இடைவெளி விட்டு எஸ், ஆர், சி என்ற மூன்று எழுத்துக்கள், சமக்குறி, மேற்கோளுக்குள் பைலின் பெயர். அடைப்பை மூடுங்கள். உடனே இன்னொரு அடைப்பைத் திறந்து, சாய்கோடு போட்டு, ஆடியோ என்று எழுதி மூடுங்கள்.

கன்ட்ரோல்ஸ் என்ற சொல்தான் பிளே பட்டனையும் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதியையும் காட்டும். இது விட்டுப் போனால் திரையில் எதுவும் தெரியாது. மெட்டாடேட்டா என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. பக்கத்தைத் திறந்ததுமே 6 எம்பியும் இறங்க வேண்டாம், எத்தனை நிமிடம் என்ற தகவல் வந்தால் போதும் என்று பிரவுசருக்குச் சொல்கிறோம். மொபைல் டேட்டாவில் பார்ப்பவர் நம்மை வாழ்த்துவார். ஆட்டோபிளே என்று ஒரு சொல்லும் இருக்கிறது. அதை எழுத வேண்டாம். தளத்தைத் திறந்ததும் நாதஸ்வரம் அலறிய காலம் மலையேறிவிட்டது. சபாரி 2017லும், குரோம் 2018லும், பயர்பாக்ஸ் 2019லும் ஒலியோடு தானாக ஓடுவதைத் தடுக்கத் தொடங்கிவிட்டன.

இப்போது நான் 2007ல் எழுதாமல் விட்ட வரி. அடைப்பைத் திறந்து ஏ என்ற ஒரே எழுத்து, இடைவெளி, ஹெச்ரெஃப் என்ற நான்கு எழுத்துச் சொல், சமக்குறி, மேற்கோளுக்குள் அதே பைலின் பெயர், அடைப்பை மூடவும். அதை ஒட்டி "ஆயாவின் பேச்சு, எம்பி3, 12 நிமிடம், சுமார் 6 எம்பி" என்று தமிழில் எழுதுங்கள். கடைசியில் அடைப்புக்குள் சாய்கோடும் ஏ எழுத்தும். பைல் எவ்வளவு பெரியது என்று எழுதுவது, கிளிக் செய்யப் போகிறவருக்கு நாம் காட்டும் மரியாதை.

பல பாடங்களில் இந்த இணைப்பை ஆடியோ கட்டளையின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவில் வைக்கச் சொல்வார்கள். அங்கே வைத்தால், ஆடியோ கட்டளையே தெரியாத மிகப் பழைய பிரவுசரில் மட்டும்தான் அது தெரியும். கட்டளை தெரிந்தும் பைலை ஓட்ட முடியாமல் போனால் இணைப்பு வெளியே வராது. எனவே கட்டளை முடிந்த பிறகு, வெளியில், எல்லோருக்கும் தெரியும்படி வையுங்கள்.

சேமிக்கும்போது ஒரு கவனம். சேவ் அஸ் விண்டோவில் கீழே உள்ள பைல் வகையை ஆல் பைல்ஸ் என்று மாற்றி, பெயரின் கடைசியில் புள்ளி வைத்து ஹெச்டிஎம்எல் என்று முடியுங்கள். இல்லையென்றால் நோட்பேட் தன் வழக்கப்படி டெக்ஸ்ட் பைலாக்கிவிடும். பின் அந்த பைலை டபுள் கிளிக் செய்தால் பிரவுசரில் திறக்கும். ஆடியோ பட்டையும் கீழே இணைப்பும் கிடைக்கும்.

இப்போது பெல்

பக்கத்தைத் திருத்தி அத்தைக்கு அனுப்பியதும் மறுபடி போன். "கேக்குதுடா. ஆனா அந்த மீன்காரம்மா வர்ற இடத்துக்கு நேரா போக முடியாதா?" பதிவின் நடுவில், சரியாக 3 நிமிடம் 15 நொடியில், தெருவில் மீன்காரம்மா கூவுவார். ஆயா பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு பேரம் பேசப் போய்விடுவார். 2007ல் அதை வெட்டி எறிய நினைத்தேன். சோம்பேறித்தனத்தால் விட்டுவிட்டேன். அத்தைக்குப் பன்னிரண்டு நிமிடத்தில் பிடித்த இடமே அதுதானாம்.

இதற்கு ஸ்கிரிப்ட் இல்லாமலே ஒரு வழி இருக்கிறது. இன்னொரு இணைப்பு எழுதுங்கள். பைல் பெயரை ஒட்டி, ஷிப்டும் 3ம் அழுத்தினால் வரும் ஹேஷ் குறி, டி என்ற எழுத்து, சமக்குறி, 195. மூன்று நிமிடம் பதினைந்து நொடி என்பது 195 நொடி. இதைக் கிளிக் செய்தால் ஆடியோ பைல் மட்டும் தனியாகத் திறந்து, இன்றைய பெரும்பாலான பிரவுசர்களில் அந்த நொடியிலிருந்தே தொடங்கும். இப்படி எத்தனை இடங்களுக்கு வேண்டுமானாலும் இணைப்பு தரலாம்.

குறை ஒன்றுதான். கிளிக் செய்ததும் நம் பக்கம் மறைந்து, ஆடியோ தனியாக நிற்கும். திரும்ப வர பேக் பட்டனை அழுத்த வேண்டும். இந்தக் குறையைத் தீர்க்கத்தான் ஸ்கிரிப்ட். இணைப்பைக் கிளிக் செய்ததும் வேறு பக்கம் போகாமல், மேலே இருக்கும் பட்டையையே அந்த நொடிக்கு நகர்த்தி ஓட்ட வேண்டும்.

ஸ்கிரிப்டைத் தனி பைலில் எழுதுகிறோம். பக்கத்தில் அதை அழைக்கும் வரியில் டிஃபர் என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். பக்கம் முழுவதும் வந்து சேர்ந்த பிறகு நீ வேலையைத் தொடங்கு என்பது அதன் பொருள். உள்ளே இருக்கும் வேலை பத்து வரியைத் தாண்டாது. ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்த கல்லூரி மாணவர் பக்கத்து வீட்டில் இருந்தால் இந்தப் பெயர்களைச் சொல்லி எழுதி வாங்கிக் கொள்ளலாம். கொஞ்சம் பழகினால் நீங்களே எழுதலாம்.

குவெரி செலக்டர் கொண்டு பக்கத்தில் ஆடியோ இருக்கிறதா என்று தேடுகிறோம். இல்லையென்றால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிட வேண்டும். இருந்தால், கேன் பிளே டைப் மூலம் எம்பி3 ஓடுமா என்று பிரவுசரைக் கேட்கிறோம். இதற்குப் பிரவுசர் சொல்லும் பதில் வேடிக்கையானது. மேபி அல்லது புராபப்ளி என்று சொல்லும். அதாவது, ஓடினாலும் ஓடலாம், அநேகமாக ஓடும். கல்யாணத் தரகரைப் போல உறுதியாக எதையும் சொல்லாது. முடியாது என்றால் மட்டும் வெறுமையான பதில் வரும். வெறுமை வந்தால் ஸ்கிரிப்ட் ஒதுங்கிக் கொள்ள வேண்டும், இணைப்புகள் பழையபடி வேலை செய்யும்.

பின் ஹேஷ் குறி உள்ள இணைப்புகளைத் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் ஆட் ஈவன்ட் லிஸனர் மூலம் கிளிக்கைக் கவனிக்கச் சொல்கிறோம். கிளிக் நடந்ததும் இணைப்பில் இருக்கும் 195ஐ எடுத்து ஆடியோவின் கரன்ட் டைமில் வைத்து, பிளே என்று கட்டளை தருகிறோம். கடைசியாக பிரிவென்ட் டிஃபால்ட். இணைப்பின் இயல்பான வேலையை, அதாவது வேறு பக்கம் தாவுவதை, நிறுத்துவது இதுதான். பலர் இதை முதல் வரியில் எழுதுவார்கள். கடைசியில் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நடுவில் எழுத்துப்பிழையாலோ வேறு எதனாலோ ஸ்கிரிப்ட் தடுக்கி விழுந்தால் பிரிவென்ட் டிஃபால்ட் வரை அது போகாது. இணைப்பு தன் வேலையைச் செய்துவிடும். கேட்பவருக்கு ஸ்கிரிப்ட் விழுந்ததே தெரியாது. முதலில் எழுதியிருந்தால், இணைப்பும் போகாது, ஆடியோவும் ஓடாது. கிளிக் கிளிக் என்று தட்டிக் கொண்டிருக்க வேண்டியதுதான்.

கதவு திறக்கிறதா என்று பாருங்கள்

ஸ்கிரிப்ட் வேலை செய்கிறது என்று மகிழ்ந்து அப்படியே விட்டுவிடாதீர்கள். குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், ஜாவாஸ்கிரிப்ட் என்று போய், தளங்கள் இதைப் பயன்படுத்தக் கூடாது என்பதைத் தேர்ந்தெடுங்கள். பயர்பாக்ஸில் முகவரிப் பட்டையில் அபவுட் என எழுதி முக்காற்புள்ளி வைத்து, கான்ஃபிக் என்று கொடுத்து என்டர் தட்டவும். எச்சரிக்கையை ஏற்றுக் கொண்டால் தேடும் கட்டம் கிடைக்கும். அதில் ஜாவாஸ்கிரிப்ட், புள்ளி, எனேபிள்டு என்று தேடி ஃபால்ஸ் ஆக்கலாம். அந்த விண்டோவில் வேறு எதையும் தொட வேண்டாம். இப்போது உங்கள் பக்கத்தை மீண்டும் திறந்து எல்லா இணைப்பையும் கிளிக் செய்து பாருங்கள். ஆடியோ கேட்கிறது என்றால் சரி. சோதனை முடிந்ததும் மறக்காமல் பழையபடி மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் மறுநாள் பேங்க் தளம் திறக்கவில்லை என்று புலம்ப நேரிடும்.

யூடியூப் வீடியோவைப் பதிக்கவும் இதே முறைதான். அவர்கள் தரும் எம்பெட் கட்டளையை அப்படியே ஒட்டினால், வீடியோவை யாரும் பார்க்காவிட்டாலும் அதன் ஸ்கிரிப்ட்கள் எல்லாம் பக்கத்தோடு சேர்ந்து இறங்கும். நான்கு வீடியோ ஒட்டினால் பழைய கம்ப்யூட்டர் திணறும். அதற்குப் பதில் ஒரு படத்தை வைத்து, அதை யூடியூப் பக்கத்துக்கு இணைப்பாக்குங்கள். ஸ்கிரிப்ட் இருந்தால், படத்தைக் கிளிக் செய்தவுடன் அந்த இடத்திலேயே பிளேயரைக் கொண்டு வந்து வைக்கும். இதற்கென்றே பால் ஐரிஷ் எழுதிய லைட் யூடியூப் எம்பெட் இலவசமாகக் கிடைக்கிறது.

எல்லாவற்றையும் சர்வரில் ஏற்றிய பிறகு மொபைல் போனில் ஒரு முறை திறந்து பாருங்கள். கம்ப்யூட்டரில் ஓடியது அங்கே ஓடவில்லை என்றால் முதலில் பைல் பெயரைக் கவனியுங்கள். விண்டோஸுக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றுதான். பெரும்பாலான சர்வர்கள் லினக்ஸில் ஓடுபவை, அங்கே இரண்டும் வேறு வேறு. நான் ஏற்றிய அன்று பக்கத்தில் எழுதியிருந்த பெயரின் முதல் எழுத்து பெரியதாகப் போய்விட்டது. அத்தைக்கு மறுபடியும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு எழுத்தை மாற்றி ஏற்றிய பிறகு அவர் போனை ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினார். பாரிஸ் பக்கத்திலிருந்து முத்தியால்பேட்டை மீன் பேரம் கேட்டது.